சீரில் கேட்ட மெஷின்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் தங்கச்சி திரும்பி வந்தபோது எல்லோருக்கும் போர்வையும் சென்ட்டும் கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் ஒரு மெஷின். ஆளாளுக்கு மணக்கிற சாமான் கிடைத்த வீட்டில் எனக்கு மட்டும் நோயாளிச் சாமான் கிடைத்ததில் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் தெரிந்துதான் வாங்கியிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறியதும் பிள்ளைகள் எல்லாம் என் கைக்கு வந்துவிடும். தூக்கித் தூக்கி என் வலது தோள்பட்டை ஒரு வழியாகியிருந்தது.

மெஷின் கைபேசி அளவுதான் இருக்கும். இரண்டு ஒயர், ஒயர் நுனியில் பசையோடு சின்னச் சின்ன ஒட்டுத் தகடுகள். வலிக்கிற இடத்தில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் மெல்லியதாகக் கரண்டு வரும். நரம்பு சுறுசுறுவென்று இருக்கும், சதை துடிக்கும், வலி கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். கூட வந்த புத்தகத்தில் ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் பஸ் போர்டு வாசிக்கிற அளவோடு சரி. அதனால் மெஷினைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் தோளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த சிங்கள மிஸ் அங்கே இருந்தார்.

அவர் முதலில் திட்டினார். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகச் சொல்லிக்கொடுத்தார். தோலைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். தைலம், எண்ணெய் எதுவும் கூடாது. புண்ணின் மேல், அட்டை கடித்த இடத்தின் மேல், மரத்துப்போன தோலின் மேல் ஒட்டக் கூடாது. தலையிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் கூடவே கூடாது. மெஷின் அணைந்திருக்கும்போதுதான் ஒட்டவும் உரிக்கவும் வேண்டும். கரண்டை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், வலிக்கிற அளவுக்கு ஏற்றுவது மடத்தனம். சார்ஜில் போட்டபடி வைக்கக் கூடாது, ஒட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. வலிப்பு வருகிறவர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. கடைசியாக என் நெஞ்சைக் காட்டி, "பேஸ்மேக்கர் தியெனவா நம் எப்பா" என்றார். இதயத்தை ஒழுங்காகத் துடிக்கவைப்பதற்காக நெஞ்சுக்குள் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அப்படிப்பட்டவர்களுக்குக் காலில்கூட வைத்துவிடாதே, அந்தப் பெட்டி குழம்பிப்போகலாம், அவர்களுடைய இதய டாக்டர் சொன்னால் மட்டும்தான் என்று விளக்கினார். வாசல்வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னார்.

நான் இதையெல்லாம் பயந்து கேட்டுக்கொண்டேன். பயப்படுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறவளுக்குப் பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் உருப்படியாக வீடு திரும்பாது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால் அது அந்த வீட்டுச் சாமான் இல்லை. ஏணி வாங்கினாலும் இட்லிச் சட்டி வாங்கினாலும் அப்படித்தான். மெஷினும் ஒரே வாரத்தில் வரிசை முழுக்கப் போகத் தொடங்கியது. அடுத்த காம்பராவில் இருந்தவர் முதுகு முழுக்கத் தைலத்தைத் தேய்த்து அதன் மேலேயே ஒட்டி, ஒட்டிய இடம் சிவந்து தோல் எரிந்துபோய் வந்து என்னிடமே சண்டை பிடித்தார். கோடிக் காம்பரா அம்மா தலைவலிக்கு நெற்றியில் ஒட்டப் போனாள். இன்னொருவர், கூட்டி வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்துப் பொத்தானை ஒரேயடியாக மேலே ஏற்றிவிட்டுப் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். மருந்தைக் கூட்டிக் குடித்தால் சாவோம் என்று தெரிந்த ஆட்களுக்குக் கரண்டு விஷயத்தில் மட்டும் அந்த அறிவு வரவில்லை.

அதற்குப் பிறகு மெஷினை நான் வெளியே விடவில்லை. வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வரலாம், நானே ஒட்டிவிடுவேன். ஆனால் முதலில் கேள்விகள். நெஞ்சில் பெட்டி இருக்கா, வலிப்பு இருக்கா, புண் இருக்கா, முழுகாமல் இருக்கியா. "அக்கா வீட்டுக்குப் போனா டாக்டரு கேக்காத கேள்வியெல்லாம் கேப்பாங்க" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

ஒரு நாள் இடுப்பு வலி என்று ஒரு மருமகப் பெண் வந்தாள். மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். தகட்டை எடுத்தபோது அவள் முகம் சரியில்லை. அவர்கள் இருவரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னும் உறுதியாகவில்லை, அதற்குள் சொல்லிவிட்டுப் பிறகு இல்லையென்றாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து என் சட்டத்தில் இன்னொன்று சேர்ந்தது. யாருக்கு ஒட்டுகிறேனோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் தனியாக.

இந்த நிலையில்தான் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மஸ்கெலியாப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. என் மகளும் ஹட்டனில் துணிக்கடையில் நிற்கிறாள். இருவருக்கும் ஏற்கெனவே முகம் தெரியும் என்பதை எங்கள் யாரிடமும் சொல்லாமல், புதிதாகப் பார்க்கிற மாதிரி இருவரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் தெரியும். நாங்களும் தெரியாத மாதிரி இருந்தோம்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாவும் அம்மாவின் தம்பியும்தான் வந்தார்கள். பேசுவதெல்லாம் தாய்மாமன். நல்ல மனிதர், ஆனால் அடுத்தவருக்குச் சேர்த்தும் அவரே பேசிவிடுவார். பஸ்ஸை விட்டிறங்கி எங்கள் லயத்துக்குப் படியேறி வந்ததில் அந்த அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்காரும்போது முகத்தைச் சுளித்தார்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்க்கிறவர். விருந்தாளி என்று யாராவது வந்தால் வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "மெஷின எடு, அக்காவுக்கு வச்சு விடு" என்றார். மாமன்காரருக்கும் சந்தோஷம். நான் வழக்கம்போலக் கேள்வியைத் தொடங்கினேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நோயை விசாரிப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் கேடு என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. மாமன்காரர் சிரித்துக்கொண்டே அடித்துச் சொன்னார்.

"எங்கக்காவுக்கு ஒரு நோயும் இல்ல தங்கச்சி. கல்லு மாதிரி இருக்காங்க."

நான் அவரைக் கேட்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "சேலைய முழங்காலுக்கு மேல தூக்கணும்க்கா, இங்க ஆம்பளைங்க இருக்காங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உள்காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கட்டிலில் உட்காரவைத்து, மெஷினைத் தொடாமல், மெதுவாக மறுபடி கேட்டேன். அவர் கதவுத் திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு முந்தானையை விலக்கி, ரவிக்கையின் கழுத்தோரத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டினார். இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு மேடு. அதன் மேல் ஒரு தழும்பு.

"கண்டியில வச்சாங்க" என்றார். "மயங்கி மயங்கி விழுந்தேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன், மதினி. ஆனா தம்பி வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டான். ரெண்டு எடத்துல இதச் சொன்னதாலேயே பேச்சு நின்னு போச்சு. சீக்காளி மாமியாருக்குப் பணிவிட பாக்கவா பொண்ணு குடுக்கணும்னு கேட்டுட்டாங்க."

என் கையில் இருந்த ஒட்டுத் தகடுகளை நான் கீழே வைத்தேன். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒட்டியிருப்பேன். அவர் தம்பி பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தங்கச்சி என்று சொல்லியிருப்பார்.

"இத ஒங்களுக்கு வைக்கவே கூடாதுங்க" என்றேன். "வேற எங்கயாவது யாராவது வச்சு விடுறேன்னாலும் விடாதீங்க."

"சரி. ஆனா வெளிய என்னா சொல்றது? ஏன் வைக்கலன்னு ஒங்க வீட்டுல கேப்பாங்களே."

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு வெளியிலிருந்து மாமன்காரர், "ஆச்சா அக்கா?" என்றார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஒயரை மெஷினில் சொருகவே இல்லை. தகடுகளை மட்டும் அவர் முழங்காலின் இரண்டு பக்கமும் ஒட்டி, மெஷினை ஒரு துவாயால் மூடினேன். பொத்தானைத் தொடவில்லை. அவர் சேலையைச் சரிசெய்துவிட்டு, வெளியே நின்றவரை உள்ளே வாங்க என்றேன். மாமன்காரர் எட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. இருபது நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து கொழுந்து விளைச்சல் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். பேச்சு நன்றாகவே இருந்தது. வெளியே வந்து, வலி பாதி குறைந்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு எனக்கு எரிச்சல் வந்தது. அந்த அம்மா மேல் இல்லை. ஒரு பெட்டி வைத்து உயிரோடு நடமாடுகிற மனுசியை, திருட்டுச் சாமானை மறைக்கிற மாதிரி மறைக்கச் சொல்கிற ஊர் மேல் எரிச்சல். அதே நேரத்தில் என் மகளை நினைத்தும் மனசு அரித்தது. போகிற வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என்னை நம்பிக் காட்டியதை நினைத்து விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்வதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னால் ஸ்டோருக்கே சொன்ன மாதிரி.

அடுத்த மாசம் பௌர்ணமிப் போயா லீவில் தேதி பேச வந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. சீர் பேச்சு வந்தபோது மாமன்காரர் கையை உயர்த்தி, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் அண்ணே. பொண்ணு மட்டும் போதும்" என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. பிறகு மாமன்காரர் கொஞ்சம் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? அந்த மெஷின். அன்னைக்கு வச்சதுலேர்ந்து அக்காவுக்கு எவ்வளவோ தேவல. அத மட்டும் சீரோட குடுத்தீங்கன்னா தினமும் நானே வச்சு விட்டுருவேன்" என்றார்.

"இதென்ன பெரிய விஷயம், இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரர் எழுந்து அலுமாரியைத் திறந்துவிட்டார்.

அந்த அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது. மனிதர் கேட்டது பேராசையால் இல்லை. அக்காவின் மேல் உள்ள பாசத்தால்தான் கேட்டார். பாசத்தோடேயே கொண்டுபோய், பாசத்தோடேயே தினமும் ஒட்டிவிடுவார். நெஞ்சில் பெட்டி இருப்பது அவருக்குத் தெரியும், மெஷினும் அதுவும் ஒத்துப்போகாது என்பது தெரியாது. அந்த அம்மா எத்தனை நாள் எறும்பு ஊர்கிறது என்று நடிக்க முடியும்?

"அத குடுக்க முடியாதுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி, "என்னாடி பேசுற?" என்றார். பழுதாகிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் பொத்தானை அழுத்தினார். மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, பச்சை விளக்கோடு எல்லோர் முன்னாலும் நன்றாக வேலை செய்தது. என் வாழ்க்கையில் நல்ல மெஷின் மேல் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

"சரி விடுங்க அண்ணே" என்றார் மாமன்காரர். குரல் மாறியிருந்தது. "பிரியமான சாமான் போல. ஒண்ணும் வேணாம்னு வந்த எடத்துல ஒண்ணு கேட்டது எங்க தப்புதான்." எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை, ஆனால் அம்மாவையும் மாமனையும் மாறி மாறிப் பார்த்தான். அடுப்படி வாசலில் நின்ற என் மகள் என்னைப் பார்த்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. ஒரு சின்னச் சாமானுக்காக அவள் கல்யாணத்தையே நான் கெடுக்கிறேன் என்று அந்தப் பார்வை சொன்னது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த அம்மா என் வீட்டிலேயே அசிங்கப்பட வேண்டும். சொல்லாவிட்டால் என் மகள் அழ வேண்டும். நான் மெஷினை மட்டும் வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி மாதிரித்தான் இருந்திருப்பேன்.

"தம்பி, உக்காரு" என்றார் அந்த அம்மா.

மாமன்காரர் உட்காரவில்லை.

"எனக்கு நெஞ்சுக்குள்ள பெட்டி வச்சிருக்கு" என்று அந்த அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "அது இருக்கிறவங்களுக்கு இந்த மெஷின் ஆகாது. மதினிக்குத் தெரியும். அதனாலதான் குடுக்க மாட்டேங்கிறாங்க."

"அக்கா!" என்றார் மாமன்காரர்.

"நீ சும்மா இருடா. நீ கேட்ட சாமான் என்னையக் கொன்னுருக்கும்."

என் வீட்டுக்காரர் குழம்பிப்போய், "அன்னைக்கு வச்சீங்களே?" என்றார்.

"எங்கங்க வச்சாங்க? கரண்டே குடுக்கல. சும்மா ஒட்டி உக்கார வச்சிருந்தாங்க." அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை. "எம் மானத்தக் காப்பாத்த மதினி இவ்வளவு நாளா யாருகிட்டயும் சொல்லல. இப்ப பொண்ணுக் கல்யாணமே போனாலும் பரவாயில்லன்னு மெஷினப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதுக்கு மேல நான் எப்பிடி வாய மூடிக்கிட்டு இருக்கிறது? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டீங்க. இனி பொண்ணக் குடுக்கிறதும் மாட்டேங்கிறதும் ஒங்க இஷ்டம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தெரிந்தும் தன்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம் அதில் இருந்தது. அது நியாயமான கோபம். அவர் மகளைத் தேடித் திரும்பினார். வாசலில் அவள் இல்லை. மாமன்காரர் கதவைப் பார்த்தார். இனி அவ்வளவுதான், அவள் அழப் போய்விட்டாள் என்று நானும் நினைத்தேன்.

அடுப்படியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் ஒரு பேசினில் வெந்நீரும் தோளில் ஒரு துவாயுமாக வந்தாள். ஆம்பளைங்க இருக்கிறார்களே, பேச்சு முடியவில்லையே என்றெல்லாம் பார்க்கவில்லை. பேசினைத் தரையில் வைத்து அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒத்தடம் குடுக்கலாம்ல, அத்த?" என்றாள். "காலக் குடுங்க."

அவளுக்கு அந்த அம்மா அத்தை என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. தேதி குறிக்கவில்லை, தட்டு மாற்றவில்லை. என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தச் சனியன உள்ள வச்சுட்டு வா" என்றார். மாமன்காரர் தோளில் போட்ட துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் மெஷினை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். என் மகள் துவாயை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பேசினுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு அளவாகத்தான் இருந்தது.